சாவி யார் கையில்? இளைஞர் மன்றங்கள் எதை வளர்க்கின்றன

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டியோ கோவில் திடலின் ஓரத்திலோ ஓர் இளைஞர் மன்றத்தின் பெயர்ப்பலகை பெரும்பாலும் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களோடு பதிவு எண்ணும் தொடங்கிய ஆண்டும் எழுதியிருக்கும். சில ஊர்களில் அந்தப் பலகைக்குப் பின்னால் கேரம் பலகை, நாளிதழ், எடைக்கட்டைகள் கிடக்கும் ஓர் அறை இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே குரல்கள் கேட்கும். வேறு சில ஊர்களில் பலகை மட்டும்தான் மிச்சம்.

இந்த மன்றங்களைப் பற்றி அரசு அறிக்கைகளிலும் தொண்டு நிறுவனக் கையேடுகளிலும் மூன்று பலன்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன: தலைமைப் பண்பு வளரும், கைத்தொழில் பழகும், ஊர் ஒற்றுமை பலப்படும். மூன்றும் உண்மையிலேயே நடந்த இடங்கள் உண்டு. ஒன்றுகூட நடக்காத இடங்களும், ஒற்றுமைக்கு நேர்மாறானது நடந்த இடங்களும் உண்டு. எந்தச் சூழலில் எது நடக்கிறது என்பதைக் கையில் இருக்கும் வரலாற்றையும் ஆய்வுகளையும் கொண்டு பார்க்க முயல்கிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பணம், இடம், முடிவு ஆகிய மூன்றும் இளைஞர்களின் கையில் உண்மையாகவே இருக்கும் மன்றமே ஆளை வளர்க்கிறது. அந்த மூன்றையும் வேறொருவர் வைத்துக்கொண்டு பயிற்சி வகுப்பு மட்டும் நடத்தினால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

நம்மிடையே இத்தகைய அமைப்புகள் ஒரே வழியில் வந்தவை அல்ல. லண்டனில் துணிக்கடை ஊழியராக இருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் தன்னையொத்த இளைஞர்களைச் சேர்த்து 1844இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. 1890இல் சென்னைக்கு வந்தது. திராவிட இயக்கம் ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் நாளிதழை உரக்கப் படித்துக் காட்டுவார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு வாதம் நடக்கும். விடுதலைக்குப் பின் அரசும் இறங்கியது. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. விடுதலையின் வெள்ளி விழாவையொட்டி 1972இல் வந்த நேரு யுவ கேந்திரா, கல்லூரி வாசலை மிதிக்காத கிராமத்து இளைஞர்களைக் குறிவைத்தது. இன்று நாம் காணும் பதிவு பெற்ற மன்றங்களில் பல அதன் நிழலில் முளைத்தவை. இலங்கையில் இளைஞர்கள் நடத்திய 1971 கிளர்ச்சிக்குப் பிறகு இளைஞர் பிரச்சினை ஆட்சியாளர்களின் பெருங்கவலையாயிற்று. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைந்து, கிராமங்கள்தோறும் இளைஞர் கழகங்களை உருவாக்கியது. 2023 அக்டோபர் 31 அன்று இந்திய அரசு ‘மை பாரத்’ என்ற புதிய அமைப்பைத் தொடங்கியது. அதில் பதிவெல்லாம் இணையத்தின் வழியே.

அரசு இளைஞரை ஒரே நேரத்தில் இரண்டு கண்களால் பார்க்கிறது. ஒரு கண்ணுக்கு அவர்கள் நாட்டின் செல்வம். மறு கண்ணுக்கு, கவனிக்காமல் விட்டால் தொல்லை. இரண்டாவது பார்வை மேலோங்கும்போது மன்றம் பொழுதுபோக்குக் கூடமாகச் சுருங்கிவிடுகிறது.

மார்த்தாண்டத்துத் தேன்

கைத்தொழிலில் இருந்து தொடங்கலாம். மன்றத்தின் பலனைக் கண்ணால் பார்த்து எடைபோடக்கூடிய இடம் அதுதான். தமிழ் நிலத்தில் இதற்கு மார்த்தாண்டத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ.யின் இந்தியத் தேசியக் குழுவுக்கு முதல் இந்தியப் பொதுச் செயலாளராக 1916இல் பொறுப்பேற்றவர். நகரத்து விடுதிகளோடும் விளையாட்டுத் திடல்களோடும் நின்றுவிடக் கூடாது, நாட்டின் இளைஞர்களில் பெரும்பகுதியினர் கிராமத்தில் இருக்கிறார்கள் என்று வலியுறுத்தி, கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வழியாகச் சங்கத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். அவர் போட்ட பாதையில் வந்தவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்க வேளாண் வல்லுநர். அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் 1920களில் ஒரு கிராமச் சீரமைப்பு மையத்தை அவர் வளர்த்தெடுத்தார். சுற்றியிருந்த ஊர்களில் சங்கத்தின் கிளைகள். நடுவே செய்து காட்டும் பண்ணை. நல்லினக் கோழி, முட்டைக்குக் கூட்டுறவு விற்பனை, சுத்தமான பனைவெல்லம், நெசவு, தேனீ. செலவு அதிகமான எதையும் அங்கே காட்டக் கூடாது; கையில் காசில்லாதவரும் மறுநாளே தன் வீட்டில் செய்துபார்க்க முடிவதாக இருக்க வேண்டும். உழைப்பு ஊராருடையது, விவரம் தெரிந்த ஒருவர் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருப்பார் என்பதே ஹாட்ச் வகுத்த முறை.

இவற்றில் தேனீதான் வேர்பிடித்தது. திருச்சிப் பகுதியில் பாதிரியார் நியூட்டன் 1910 வாக்கில் நம் ஊர் அடுக்குத் தேனீக்கு ஏற்றதாக வடிவமைத்த சிறிய மரப்பெட்டி ஏற்கெனவே இருந்தது. ஆனால் பெட்டி இருந்தால் மட்டும் தேன் வந்துவிடாது. மூடியைத் திறக்கும்போது கை பதறக் கூடாது. தேங்காய் நார்ப் புகையை லேசாகக் காட்ட வேண்டும். அடைச்சட்டத்தை நேராகத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முட்டை இருக்கிறதா, புழு இருக்கிறதா, ராணி அறை எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராணி அறை தென்பட்டால் கூட்டம் பிரியப்போகிறது என்று அர்த்தம். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் காலையில் பாதித் தேனீக்கள் பறந்துபோயிருக்கும். சரியான சமயத்தில் நாமே பிரித்து வைத்தால் ஒரு பெட்டி இரண்டாகும். இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும் ஒருவரின் பக்கத்தில் நின்று, நாலு கொட்டு வாங்கித்தான் கற்க முடியும். பக்கத்தில் நிற்பதற்கு ஆளும், பிரித்த கூட்டத்தை வாங்கிக்கொள்ள அண்டைவீட்டாரும், பிழிந்த தேனை விற்றுத்தர ஓர் அமைப்பும் ஒரே ஊரில் கிடைத்தன. 1937இல் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது.

பிறகு ரப்பர் தோட்டங்கள் பெருகின. ரப்பர் மரத்தின் இளந்தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பருகே சுரக்கும் இனிப்பு நீர் தேனீக்குப் பெரும் தீவனம். பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகத் தூக்கிப்போய் வைக்கும் பழக்கம் வந்தது. சீசனில் கேரளத்துக்குள்ளும் போனார்கள். 1991–92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் வளர்த்த தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. மார்த்தாண்டத்திலும் பெட்டிகள் காலியாயின. ஆனாலும் தொழில் சாகவில்லை. நோயைத் தாங்கிய கூட்டங்களைத் தேடிப் பிடித்து மறுபடி பெருக்கினார்கள், காரணம் அந்த அறிவு ஒரு நிறுவனத்தின் அலமாரியில் இல்லாமல் ஆயிரக்கணக்கான வீடுகளின் கொல்லையில் இருந்தது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு.

இதோடு இப்போது நடக்கும் திறன் பயிற்சிகளை ஒப்பிட்டால் வருத்தமாக இருக்கிறது. மூன்று நாள் மெழுகுவத்திப் பயிற்சி, ஒரு வாரம் காளான், ஒரு மாதம் தையல். கடைசி நாளில் குழுப் படமும் சான்றிதழும். செய்ததை யார் வாங்குவார்கள், மூலப்பொருள் எங்கே கிடைக்கும், இரண்டாவது மாதம் சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் ஆட்கள் வீட்டுக்குப் போகிறார்கள். பழக்குகிறவர் ஊரைவிட்டுப் போகாமல் இருப்பது, கற்றதை விற்க வழி இருப்பது, கூடவே கற்றவர்கள் வாரந்தோறும் சந்திப்பது ஆகியவைதான் மார்த்தாண்டத்தில் வேலை செய்தவை. சந்திக்கும் இடம் என்ற வகையில்தான் மன்றம் இதில் முக்கியமாகிறது.

அமெரிக்கக் கிராமப்புறத்தில் 1902இல் ஏ.பி. கிரகாம் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கிய சிறுவர் வேளாண் கழகம், பின்னாளில் ‘4-எச்’ என்ற பேரியக்கமாக வளர்ந்ததும் இதே தர்க்கத்தால்தான். பல்கலைக்கழகம் சொன்ன புது விதையை நம்பாத விவசாயிகள், தங்கள் பிள்ளைகள் ஒரு துண்டு நிலத்தில் அதே விதையைப் போட்டுக் கூடுதலாக அறுத்ததும் நம்பினார்கள். அங்கே இளையவர்கள் பெரியவர்களுக்கு ஆசிரியர்களாகிவிட்டார்கள்.

மன்றம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதைக் கறாராக அளந்த ஆய்வுகள் குறைவு. சேருகிறவர்கள் ஏற்கெனவே துடிப்பானவர்களாக இருப்பார்கள் என்பதால், மன்ற உறுப்பினர் நன்றாக இருக்கிறார் என்று காட்டுவது எதையும் நிரூபிப்பதில்லை. அந்தச் சிக்கலைத் தாண்டியது உகாண்டாவில் நடந்த ஓர் ஆய்வு. வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் அங்கே வளரிளம் பெண்களுக்கான மன்றங்களை நடத்தியது. ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, சிலவற்றில் மன்றம் வைத்து, சிலவற்றில் வைக்காமல் ஒப்பிட்டார்கள். பள்ளிக்கு வெளியே ஒரு நிரந்தர அறை, அதே ஊரைச் சேர்ந்த, சற்றே மூத்த பெண் ஒருவர் வழிகாட்டி, தொழில் பயிற்சி, உடல்நலமும் உரிமையும் பற்றிய பேச்சு, விளையாட்டு. ஒரியானா பந்தியேராவும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் மன்றம் இருந்த ஊர்களில் வருமானம் ஈட்டும் பெண்களின் பங்கு 4.9 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. தொடக்க நிலையோடு ஒப்பிட்டால் இது 48 சதவீத உயர்வு. பதின்வயதுக் கர்ப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறுவயதுத் திருமணமும் குறைந்தது.

அதே நிறுவனம் சியரா லியோனில் மன்றங்கள் வைத்தபோது 2014இல் எபோலா வந்து பள்ளிகள் மூடப்பட்டன. மன்றம் இல்லாத, நோயால் அதிகம் நிலைகுலைந்த ஊர்களில் திருமணத்துக்கு முந்தைய கர்ப்பமும் பள்ளி இடைநிற்றலும் ஏறின. மன்றம் இருந்த ஊர்களில் அந்த ஏற்றம் பெருமளவு தடுக்கப்பட்டது. ஆனால் தான்சானியாவில் அதே திட்டம் எடுபடவில்லை. அங்கே வளம் போதாமல் நடைமுறை தளர்ந்துவிட்டது. ஒரே கையேடு, ஒரே பெயர், நடத்திய விதத்தில் மட்டும் வித்தியாசம். நம் மன்றங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மூன்று நாடுகளின் கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வசூல் நோட்டு

தலைமைப் பண்பு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் நான் வசூல் நோட்டைக் காட்டுவேன்.

பொங்கலுக்கு இருபது நாள் முன்னால் உயிருள்ள எந்த மன்றத்துக்குள் போனாலும் இதைக் காணலாம். கபடித் தொடர் போட்டி வைக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் அச்சடித்தாயிற்று. யார் எந்தத் தெருவுக்கு வசூலுக்குப் போவது என்பதிலேயே முதல் வாதம். போன வருடம் ஐநூறு எழுதிக் கொடுக்காமல் விட்டவர் வீட்டு வாசலில் இந்த வருடமும் நிற்க வேண்டும். அவரிடம் கோபப்படாமல் பேசத் தெரிந்தவன் யார்? மைக் செட்டுக்கு முன்பணம், ஆடுகளத்துக்கு மண் அடிக்க டிராக்டர், நடுவருக்குப் படி, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு, காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதம். முதல் பரிசுத் தொகையை உபயமாகத் தருகிறவர் தன் பெயரை ஃபிளெக்ஸில் பெரிதாகப் போடச் சொல்வார்; சுழற்கோப்பை தந்தவருக்கு அது பொறுக்காது. இரவு பதினொரு மணிக்கு அரையிறுதியில் ஒரு புள்ளிக்குச் சண்டை வரும். வெளியூர் அணியின் முன்னால் சொந்த ஊர் அணிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் அதே ஊரில் நடமாட வேண்டும். இத்தனையும் முடிந்தபின் வரவு, செலவு, கையிருப்பு என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். பத்தொன்பது வயதில் இதை ஒருமுறை முழுதாகச் செய்து முடித்தவருக்குத் தலைமைப் பண்பு பற்றிய வகுப்பு வேண்டியதில்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, இந்தப் பழக்கத்துக்கு ஓர் எழுத்து வடிவம் தருகிறது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆண்டுப் பேரவை கூட வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். பல மன்றங்களுக்கு இது பெரும் தலைவலி. தாக்கல் செய்யாமலே பதிவு காலாவதியாகிப் போனவை ஏராளம். ஆனாலும் தீர்மானப் புத்தகத்தில் தேதி போட்டு, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, ‘ஏகமனதாக’ என்று எழுதப் பழகியவர்கள் பின்னாளில் ஊராட்சி உறுப்பினராகவோ கூட்டுறவுச் சங்க இயக்குநராகவோ போகும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கிறது.

குழந்தைகள், இளையோர் பங்கேற்பைப் பற்றி ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய சிறு நூலில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பெரியவர்கள் தம் வேலைக்கு ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஓர் இடம் கொடுப்பது. நம் அரசு விழாக்களில் சீருடையோடு வரிசையாக நிற்கவைக்கப்படும் மன்ற உறுப்பினர்களை அந்த ஏணியில் எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இளைஞர் நாடாளுமன்றம் என்ற பெயரில் நடப்பவற்றிலும் பேச வேண்டியதை யாரோ எழுதிக் கொடுத்திருந்தால் அது இரண்டாம் படிதான்.

இளைஞர்களே முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்பு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் என்று அறியப்பட்ட அமைப்பை ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் நடத்தினார்கள். பெரும்பாலோர் இளம் ஆசிரியர்கள், மாணவர்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் அவர்கள். பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்த வழக்கத்தை எதிர்த்துச் சம ஆசனம் கேட்டார்கள். தங்கள் மாநாடுகளில் எல்லோரும் சேர்ந்து உண்டார்கள். முழுச் சுயாட்சி இல்லாத டொனமூர் அரசியலமைப்பை ஏற்க மறுத்து 1931 தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. அந்தப் புறக்கணிப்பு அரசியல் ரீதியாகச் சரியா என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு அமைச்சர்கள் கிடைத்தபோது வடக்கு வெளியே நின்றது. ஆனால் அந்தத் தலைமுறைக்கு யாரும் பேச்சை எழுதிக் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் தலைமையை உற்பத்தி செய்த மன்றங்களைப் பட்டியலிடும்போது ரசிகர் மன்றங்களை விட்டுவிட முடியாது. 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது, ஊர் ஊராக இருந்த அவருடைய மன்றங்கள் கிளைகளாக மாறின. சுவரொட்டி ஒட்டவும் தண்ணீர்ப்பந்தல் வைக்கவும் பழகியிருந்தவர்கள் கட்சி நிர்வாகிகளானார்கள். கமல்ஹாசன் தன் ரசிகர் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றியது இன்னொரு திருப்பம். ரத்த தானமும் கண் தானமும் அங்கே வழக்கமாயின. தெருவில் மதிப்பில்லாத இளைஞன் ஒருவனுக்கு ஒரு பொறுப்பும் பெயரும் கிடைக்கும் இடமாக அவை இருந்தன என்பதை மறுக்கக் கூடாது. அவற்றின் குறை, இறுதி முடிவு எப்போதும் சென்னையில் இருக்கும் ஒருவரிடம் இருந்ததுதான். 2021 ஜூலையில் ரஜினி மக்கள் மன்றம் ஓர் அறிக்கையில் கலைக்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்காக உழைத்தவர்கள் கேட்பதற்கு ஒரு பேரவைகூட இல்லை.

கதவுக்கு வெளியே

மூன்றாவது பலனான ஊர் உறவைப் பற்றித்தான் நாம் அதிகம் ஏமாந்துபோகிறோம். மன்றம் என்றாலே ஒற்றுமை என்று எண்ணுவது தவறு. உள்ளே இருப்பவர்களை அது இறுக்கிக் கட்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது நல்லதும் கெட்டதும்.

அசுதோஷ் வார்ஷ்ணே 2002இல் வெளியிட்ட நூலில், மதக் கலவரம் வெடிக்கும் அலிகரையும் அமைதியாக இருக்கும் கோழிக்கோட்டையும் போன்ற நகர இணைகளை ஒப்பிட்டார். இரு மதத்தாரும் அண்டை வீட்டில் வசிப்பதும் பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்துக்கொள்வதும் நல்லதே. பெரிய நகரத்தில் வதந்தி பரவும் இரவில் அது போதாது. இரு தரப்பும் உறுப்பினராக உள்ள வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை, கலை மன்றம் போன்ற அமைப்புகள் இருந்த ஊர்களில், தீ பரவும் முன் ஒருவருக்கொருவர் பேசி அடக்க ஆள் இருந்தது. ஒரே மதத்தார் மட்டும் உள்ள அமைப்புகளுக்கு அந்தத் திறன் இல்லை.

நம் ஊர்களில் மதம் என்ற இடத்தில் சாதி என்று வைத்துப் பாருங்கள். மேலத்தெருவுக்கு ஒரு மன்றம், கீழத்தெருவுக்கு ஒரு மன்றம், குடியிருப்புக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொன்றும் தன் தெருவுக்குள் குளம் தூர்வாரும், ரத்தம் கொடுக்கும், பொங்கல் விழா நடத்தும். நோக்கம் எல்லாம் நல்லவை. ஆனால் ஒரு திருவிழாவில் தகராறு என்றால் இதே மன்றங்கள்தான் இரு தரப்புக்கும் ஆள் திரட்டும் இடங்களாகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், தமிழ்நாடு அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, பள்ளியில் சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம் போன்றவற்றைத் தடைசெய்யச் சொன்னது. கையில் கயிறு கட்டிக்கொள்வதற்கும் மன்றத்தில் சேர்வதற்கும் ஓர் இளைஞனிடம் உள்ள பசி ஒன்றேதான்: ஒரு கூட்டத்தில் தனக்கு இடம் வேண்டும். அந்தப் பசிக்குச் சாதி மட்டுமே சோறு போடும் ஊரில் கயிற்றை அறுப்பது பாதி வேலைதான். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடும் திடல் இருந்தால்தான் மறுபாதி.

கதவுக்கு வெளியே அடுத்து நிற்பவர்கள் பெண்கள். இளைஞர் மன்றம் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலான ஊர்களில் அது ஆண்களின் மன்றம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம் வைத்தாலே பாதி ஊர் விலகிவிடுகிறது. மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறதே என்பார்கள். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் மணமான பெண்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பள்ளியும் வீடும் தவிர மூன்றாவது இடம் கிடையாது. உகாண்டா ஆய்வு தொட்டது இதே குறையைத்தான்.

விதிவிலக்குகள் நம்பிக்கை தருகின்றன. சென்னையின் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் 2000 முதல் குடியேற்றப்பட்ட இடம் கண்ணகி நகர். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்கே உள்ளவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் குடியிருப்பில் பெண்கள் கபடி பழகி வளர்ந்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார். ஓர் ஆடுகளம், தினமும் வரும் ஒரு பயிற்சியாளர், மகளை அனுப்பச் சம்மதித்த பெற்றோர். அந்தச் சம்மதம் மற்ற இரண்டையும்விட அரிது. பயிற்சியாளர் மேல் தெருவே நம்பிக்கை வைத்தால்தான் அது கிடைக்கும்.

ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

மன்றம் நின்றுபோவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் கைப்பேசி. எனக்கு அது முழுதாக ஏற்புடையதல்ல. 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சூறையாடியபோதும் படகுகளையும் அரிசியையும் தார்ப்பாய்களையும் ஒருங்கிணைத்தவை பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்கள். கஜாவுக்குப் பின் பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் ‘கைஃபா’ என்ற அமைப்பாகத் திரண்டு பெரியகுளம் ஏரியைத் தூர்வாரியதற்குப் பணம் வந்ததும் வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்க்காரர்களிடமிருந்து அதே வழியில்தான். கைப்பேசி ஆளைத் திரட்டும். ஆனால் வாரந்தோறும் முகம் பார்த்துப் பேசும் பழக்கத்தை அது தருவதில்லை. ஆகவே வெள்ளம் வடிந்ததும் குழுவும் வடிந்துவிடுகிறது.

உண்மையான காரணம், ஆட்கள் ஊரில் தங்குவதில்லை. மன்றத்தை நடத்தக் கற்றுக்கொண்ட அதே ஆண்டில் செயலாளருக்குத் திருப்பூரிலோ ஒரகடத்திலோ துபாயிலோ வேலை கிடைக்கிறது. அடுத்த கட்டத்தார் யாரும் பழகியிருக்க மாட்டார்கள். பெயர்ப்பலகையில் உள்ள தலைவருக்கு நாற்பத்தைந்து வயதாகியிருக்கும், பதவியை விட மனம் வராது. தேர்தல் நெருங்கும்போது ஒரு கட்சி மன்றத்துக்கு நாற்காலிகளும் ஒலிபெருக்கியும் வாங்கித் தரும். மற்றக் கட்சிக்காரரின் மகன் மறுநாள் முதல் வரமாட்டான்.

கட்டடம் கட்டினால் போதும் என்று நினைப்பது இன்னொரு பிழை. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைக்கப்பட்டன. எண்ணம் உயர்ந்தது. இன்று அந்த நூலகங்களில் பல பூட்டியே கிடக்கின்றன, புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு மட்டையும் பந்தும் வலையும் எடைக்கட்டைகளும் வழங்கப்பட்டன. அவை ஊராட்சி அலுவலகப் பீரோவில் பத்திரமாக இருக்கும் ஊர்களும் உண்டு. தொலைந்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்று எழுத்தர் பயப்படுவார். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆகவே அவரைக் குறைசொல்வதைவிட, பொருளைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட ஓர் அமைப்பு ஊரில் இருக்க வேண்டும். அந்த அமைப்பு மன்றமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. செயலாளர், பொருளாளர் பதவிகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும், வெளியே போகிறவர் புதியவரோடு ஒரு பொங்கல் விழாவையாவது கூட இருந்து நடத்திக் கொடுப்பதும் மன்ற விதியில் எழுதப்பட வேண்டும். முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆலோசகராக மட்டும் இருக்கட்டும். நாலு மணி முதல் ஆறு மணி வரை அறையும் திடலும் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி, அந்த நேரத்துக்கான சாவியை அவர்களில் ஒருவரிடமே கொடுக்க வேண்டும். தெருவுக்கு ஒரு மன்றம் வைத்துள்ள ஊர்களில் ஊராட்சி தரும் எந்த உதவியும் எல்லாத் தெருவும் சேர்ந்த ஒரே அணிக்குத்தான் என்று நிபந்தனை வைக்கலாம். முதலில் முணுமுணுப்பார்கள், கோப்பைக்காகச் சேர்வார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றுள் ஜனவரி 26 கூட்டம் பொங்கல் முடிந்த சில நாட்களிலேயே வருகிறது. மன்றத்தின் விழாக் கணக்கை அந்தச் சபையில், பொருளாளரான பத்தொன்பது வயதுப் பெண்ணோ பையனோ எழுந்து நின்று படிக்கட்டும்; டிராக்டருக்கு ஏன் இவ்வளவு ஆயிற்று என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்கட்டும்; அதற்கு அவர்களே பதில் சொல்லட்டும்.